டெக்ஸாஸ் கப்பலும் துருவும்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நான் பௌதிகம் படித்தவன். பிறகு வாழ்நாளின் பெரும்பகுதியைச் சர்க்கார் ஃபைல்களோடு கழித்தவன். இந்த இரண்டுக்கும் தீனி போடக்கூடிய ஒரு விஷயத்தை இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். அது ஒரு கப்பலின் கதை. அமெரிக்கக் கடற்படையின் 'டெக்ஸாஸ்' என்ற பேட்டில்ஷிப். இரண்டு உலகப் போர்களிலும் பணியாற்றிய டிரெட்நாட் வகைப் பேட்டில்ஷிப்களில் இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

டிரெட்நாட் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. 1906-ல் இங்கிலாந்து அந்தப் பெயரில் ஒரு கப்பலைக் கட்டியது. பல அளவுகளில் பீரங்கிகளை வைப்பதற்குப் பதிலாக, ஒரே அளவில் பெரிய பீரங்கிகளை அதிகமாக வைப்பது என்பது அதன் தத்துவம். மற்ற நாடுகளும் அதையே பின்பற்றின. அந்த வரிசையில் வந்த டெக்ஸாஸின் கட்டுமானம் 1911 ஏப்ரலில் வர்ஜீனியா மாகாணத்தில் நியூபோர்ட் நியூஸ் என்ற ஊரில் ஆரம்பமானது. 1912 மே மாதம் நீரில் இறக்கினார்கள். 1914 மார்ச் 12-ந் தேதி கடற்படைப் பணியில் சேர்ந்தது.

நீளம் சுமார் 175 மீட்டர். எடை 27,000 டன். 14 அங்குலக் குழாய் கொண்ட பீரங்கிகள் பத்து. ஒவ்வொரு குண்டும் அரை டன்னுக்கும் மேல். ஆரம்பத்தில் 14 கொதிகலன்களுக்கு நிலக்கரி போட்டு ஓட்டினார்கள். வேகம் மணிக்கு 21 கடல் மைல். இரண்டு பிரம்மாண்டமான நீராவி இயந்திரங்கள், நம் பழைய ரயில் இஞ்சினைப் போல பிஸ்டன் மேலும் கீழும் போகிற ஜாதி. அவை இன்றும் கப்பலுக்குள்ளேயே இருக்கின்றன.

முதல் உலகப் போரில் 1918-ல் பிரிட்டிஷ் பெருங்கப்பற்படையோடு சேர்ந்து வட கடலில் காவல் புரிந்தது. அந்த நவம்பர் 21-ந் தேதி ஜெர்மன் கப்பற்படை வரிசையாக வந்து சரணடைந்தபோது, பார்த்துக்கொண்டு நின்ற கப்பல்களில் இதுவும் ஒன்று. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் க்யூபாவின் குவான்டனாமோ விரிகுடாவில், இதன் பீரங்கி மேடைமீது அமைத்த பலகையிலிருந்து ஒரு சிறு விமானம் பறந்தது. அமெரிக்கப் பேட்டில்ஷிப் ஒன்றிலிருந்து விமானம் கிளம்பியது அதுதான் முதல் தடவை. பின்னாளில் விமானமே பேட்டில்ஷிப்பின் காலத்தை முடித்து வைத்தது என்பதை நினைத்தால், விதியின் விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

1925 முதல் 1927 வரை இதற்குப் பெரிய புனருத்தாரணம் நடந்தது. நிலக்கரி போய் எண்ணெய் வந்தது. டார்ப்பிடோ தாக்கினால் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ள, கப்பலின் இரு பக்கமும் வெற்று அறைகள் கொண்ட பக்கவாட்டுப் புடைப்புகளை ஒட்டினார்கள். இந்தப் புடைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மறுபடியும் வரும்.

1944 ஜூன் 6. நார்மண்டி படையெடுப்பு. அன்று காலை பாயின்ட் டு ஹாக் என்ற செங்குத்துப் பாறைமீது டெக்ஸாஸ் 34 நிமிஷத்தில் 255 குண்டுகளைப் பொழிந்தது. பின்னர் ரேஞ்சர் வீரர்கள் கயிறு பிடித்துப் பாறைமேல் ஏறிப் பார்த்தால், ஜெர்மானியர் பீரங்கிகளை அங்கிருந்து எடுத்து உள்ளே தள்ளி ஒளித்து வைத்திருந்தார்கள். வீரர்கள் தேடிக் கண்டுபிடித்து அவற்றைச் செயலிழக்கச் செய்தார்கள்.

ஒன்பது நாள் கழித்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். போர்முனை உள்நாட்டுக்குள் நகர்ந்துவிட்டது. இந்தப் பீரங்கிகளை 15 டிகிரிக்கு மேல் உயர்த்த முடியாது. குண்டு போகும் தூரம் சுமார் 21 கிலோமீட்டர்தான். இலக்கோ அதற்கு அப்பால். என்ன செய்தார்கள் தெரியுமா? முன்பு சொன்னேனே, அந்தப் பக்கவாட்டுப் புடைப்பு, அதில் இலக்குக்கு எதிர்ப்பக்கத்து அறைகளில் கடல்நீரை நிரப்பினார்கள். கப்பலே 2 டிகிரி சாய்ந்தது. பீரங்கி 15-க்குப் பதில் 17 டிகிரி ஆயிற்று. கல்லூரியில் படித்த எறிபொருள் சூத்திரப்படி, காற்றின் தடையை விட்டுவிட்டால், தூரம் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகவே கூடும். பீரங்கியைத் தூக்க முடியாவிட்டால் கப்பலைச் சாய்த்துவிடு! நம் வீட்டில் அடிப்பாத்திரத்து ரசத்தை எடுக்கப் பாத்திரத்தைச் சாய்ப்பதில்லையா, அதே யுக்திதான்.

ஜூன் 25-ந் தேதி ஷெர்பூர் துறைமுகத்தைத் தாக்கியபோது ஜெர்மன் குண்டு ஒன்று கப்பலின் மேல்தளத்தில் வெடித்து, சுக்கான் பிடித்திருந்த மாலுமி இறந்தார். கப்பலின் முழுச் சரித்திரத்திலும் எதிரியின் தாக்குதலால் போன உயிர் அது ஒன்றே. இன்னொரு குண்டு உள்ளே புகுந்து வெடிக்காமலே கிடந்தது. அதன் பிறகு தென் பிரான்ஸ், பின்னர் பசிபிக் பக்கம் ஈவோ ஜீமா, ஒகினாவா. யுத்தம் முடிந்ததும் சிப்பாய்களை ஊருக்கு ஏற்றிச் சென்றது.

1948 ஏப்ரல் 21-ந் தேதி கடற்படை இதைப் பணியிலிருந்து விடுவித்து டெக்ஸாஸ் மாகாணத்திடம் ஒப்படைத்தது. 1836-ல் அந்த மாகாணம் மெக்ஸிகோவை வென்று சுதந்திரம் பெற்ற நாள் அது. ஒப்படைத்த இடமும் அந்த யுத்தம் நடந்த சான் ஜசின்டோ. அமெரிக்காவில் நிரந்தர நினைவுக் காட்சிசாலையாக ஆன முதல் பேட்டில்ஷிப் இதுதான். விழா, வாத்தியம், பிரசங்கம் எல்லாம் அமர்க்களமாக நடந்தன.

எதிரிகள் செய்ய முடியாததை அதற்குப் பிறகு துரு செய்யத் தொடங்கியது. இரும்பு, உப்புநீர், பிராணவாயு மூன்றும் சேர்ந்தால் அங்கே ஒரு மின்கலம் உருவாகிவிடுகிறது. நீரும் காற்றும் மாறி மாறிப் படுகிற நீர்மட்டக் கோட்டில் அரிப்பு அதிகம். பணியில் இருக்கும் கப்பலைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை உலர்துறைக்குக் கொண்டுபோய், சுரண்டி, வர்ணம் பூசி, தகடு மாற்றுவார்கள். டெக்ஸாஸோ 1948-லிருந்து 1988 வரை, நாற்பது வருஷம், உப்புநீரில் ஒரே இடத்தில் நின்றது. நடுவில் 1968-ல் மேல்தளத்து மரப்பலகை மக்கிவிட்டது என்று சிமென்ட் கான்கிரீட் போட்டார்கள். மலிவான ஏற்பாடு. கான்கிரீட் விரிசல் விட்டது. மழைநீர் உள்ளே இறங்கிக் கீழ்த்தளங்களையும் அரித்தது.

1988-ல் கால்வெஸ்டன் நகர உலர்துறைக்கு இழுத்துச் சென்று பழுது பார்த்தார்கள். கான்கிரீட்டை எடுத்துவிட்டு மறுபடி பைன் மரம் பதித்தார்கள். ஆனால் அதன் பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல் அடுத்த உலர்துறை வாய்க்கவில்லை. கப்பலை நீரிலிருந்து எடுத்து நிரந்தர உலர் மேடையில் வைக்க 2007-ல் மக்கள் வாக்களித்து இரண்டரைக் கோடி டாலர் ஒதுக்கினார்கள். அது நிறைவேறுவதற்குள் கசிவு பெருகி, பணம் அவசர ரிப்பேருக்கே சரியாகப் போய்விட்டது. 2019-ல் இன்னும் மூன்றரைக் கோடி டாலர். கடைசியில் 2022 ஆகஸ்ட் 31-ந் தேதி, ஓட்டைகளை நுரைப்பொருளால் அடைத்து, இழுவைப் படகுகள் கட்டி, கால்வெஸ்டனுக்கு இழுத்துச் சென்றார்கள். புடைப்புகளின் தகடுகளைப் புதுப்பித்து, 2024 மார்ச்சில் மீண்டும் நீரில் மிதக்கவிட்டார்கள். இனி அதற்கு இருப்பிடம் கால்வெஸ்டன்தான் என்று முடிவாயிற்று.

இப்போது நம் நாட்டைப் பாருங்கள். 1971 யுத்தத்தில் கிழக்கே வங்கக் கடலில் பெயர் வாங்கிய நம் விமானந்தாங்கி விக்ராந்த் 1997-ல் ஓய்வு பெற்றது. மும்பையில் காட்சிசாலையாக நின்றது; நம்மில் பலர் பேரக்குழந்தைகளை அழைத்துப் போய்க் காட்டியிருப்போம். 2012-ல் பாதுகாப்பில்லை என்று மூடினார்கள். நிரந்தர ஏற்பாட்டுக்குப் பணம் போட முன்வந்தவர் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் பயனில்லை. 2014-ல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு விற்று உடைத்துவிட்டார்கள். அதன் இரும்பில் கொஞ்சம் மோட்டார் சைக்கிளாக வந்தது.

நம்மால் முடியாது என்பதில்லை. விசாகப்பட்டினத்தில் குர்சுரா நீர்மூழ்கியைக் கரையேற்றி, மணற்பரப்பில் மேடை கட்டி வைத்து, 2002 முதல் ஜனங்கள் பார்த்து வருகிறார்கள். ஜப்பான்காரர்கள் 'மிகாசா' என்ற தங்கள் பழைய பேட்டில்ஷிப்பை 1926-லேயே யோகோசுகாவில் தரையில் பதித்துவிட்டார்கள். நீரைவிட்டு எடுத்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

சர்க்கார் பாஷையில் சொன்னால், மூலதனச் செலவுக்கு மாலையும் கல்வெட்டும் உண்டு. பராமரிப்புச் செலவுக்கு ஒன்றும் கிடையாது. அதனால் முன்னதற்குக் கை நீளும், பின்னதற்கு நீளாது. கப்பலுக்கு மட்டுமல்ல, கிராமத்துக் கோயில் மண்டபத்துக்கும், பாட்டனார் பெயரில் வைத்த நூலகத்துக்கும் இதே கதிதான். எனவே ஒரு சிறு வேண்டுகோள். நம் சங்கம் எதிர்காலத்தில் எதைக் கட்ட நினைத்தாலும், கட்டிட நிதி என்று நோட்டீஸ் அச்சடிக்கும்போதே, அதற்குக் கீழே பராமரிப்பு நிதி என்று இன்னொரு வரியும் சேர்த்துவிடுங்கள். இரண்டாவது வரியில் பணம் சேராவிட்டால், முதல் வரியை ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது.