துடைப்பம் கட்டிய கை

(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நான் இந்தப் பள்ளியில் படித்துப் போனவன். அமெரிக்காவில் படித்த அனுபவத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்படி தலைமையாசிரியர் பணித்தார்.

நான் படித்தது பெரிய பல்கலைக்கழகம் அன்று. கெண்டக்கி மாநிலத்தில் உள்ள பெரீயா கல்லூரி. அடிமை முறை ஒழிய வேண்டும் என்று போராடியவர்கள் 1855இல் தொடங்கியது. ஏறத்தாழ 1,500 மாணவர்கள்தாம். கணிதம் படிப்பவனும் அங்கே வரலாறு, இலக்கியம், கலை எல்லாம் கற்றாக வேண்டும். வகுப்பில் ஆசிரியர், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்பார். மனப்பாடம் செய்தே பழகிய நான் முதல் மாதம் வாயைத் திறக்கவில்லை.

1892 முதல் அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால், ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். சம்பளம் உண்டு, விலக்கு யாருக்கும் இல்லை. பண்ணை, தறி, அலுவலகம் என்று பல வேலைகள். எனக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? துடைப்பம் கட்டுவது!

சின்ன வயசுல எங்கப்பா சொல்வார்: "டேய், ஒழுங்கா படிக்காட்டி வெளக்கமாத்தைத்தான் பிடிக்கணும்." சிரிக்கிறீர்கள், உங்கள் வீட்டிலும் இதே பேச்சுத்தான் போலிருக்கிறது.

ஒரு வகைச் சோளத்தட்டையைக் கழியில் வைத்து இறுக்கிக் கட்டித் தைக்க வேண்டும். நான் கட்டிய முதல் துடைப்பம் இரண்டு தட்டில் உதிர்ந்து போனது. பக்கத்தில் வேலை செய்த பெண் சிரித்தாள். "எங்கப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. உங்கப்பா?" என்று கேட்டாள்.

"தோட்டத்துக் கிராணி" என்றேன். பொய். என் அப்பா பால்மரம் வெட்டியவர். கடல் கடந்து போயும் அந்த வெட்கம் என்னை விடவில்லை.

அதே மாதம் வரலாற்று வகுப்பில் கார்ட்டர் வூட்சன் என்பவரைப் பற்றிப் படித்தோம். அடிமைகளாக இருந்த தாய் தந்தையின் மகன். சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவர். இருபது வயதில்தான் உயர்நிலைப் பள்ளிக்கே போனார். 1903இல் அந்தக் கல்லூரியிலேயே பட்டம் பெற்றார். மறு ஆண்டே, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து படிக்கக்கூடாது என்று மாநிலம் சட்டம் போட்டது. கல்லூரி உச்ச நீதிமன்றம் வரை போய் 1908இல் தோற்றது. 1950இல்தான் கதவு மறுபடி திறந்தது. வூட்சனோ 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, கறுப்பர் வரலாற்றையே எழுதினார். கரி வெட்டியதை அவர் மறைக்கவில்லை. நான் எதை மறைத்தேன்?

மறுநாள் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். பால் வெட்டுவது எப்படி என்று கேட்டாள். "பட்டையை மெல்லிசாகச் சீவணும். ஆழம் போனால் மரம் காயம்படும். குறைந்தால் பால் வராது. விடியுமுன் இருட்டிலேயே அதைச் செய்யணும்" என்று விளக்கினேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே புரிந்தது, என் அப்பா எவ்வளவு பெரிய வேலைக்காரர் என்று.

வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுத் துடைப்ப வேலையைச் சொன்னேன். அம்மா, "கை காப்புக் காய்ச்சிருச்சா சாமி? தேங்காய் எண்ணெய் தடவு" என்றார். அப்பா ஒன்றுதான் கேட்டார்: "கட்டு இறுக்கமா இருக்கா?"

பெற்றோர்களே, படி என்று சொல்லுங்கள். ஆனால், உங்கள் வேலையைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். அதிலுள்ள நுணுக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

மாணவச் செல்வங்களே, ஆறாம் ஆண்டில் இதே மேடையில் நான் பரிசு வாங்கினேன். பால் கறை படிந்த சட்டையோடு அப்பா கடைசியில் நின்றிருந்தார். நான் பார்க்காதது போல் நண்பர்களோடு போய்விட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். மேடையை விட்டு இறங்கியதும் நேரே போய், பரிசை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள்.