கோப்பிப் புகையிரதமும் வன்னிக் கால்வழியும்



கண்டிக் கோப்பிக்கும் அதன் புகையிரதத்துக்கும் வன்னிக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையென்று சக ஆசிரியர்கள் சிலர் நெடுங்காலமாகச் சாதித்து வருகிறார்கள். அவர்களுள் இருவர் முன்வரிசையில் அமர்ந்திருப்பதால் மறுமொழியை நேரிலேயே சொல்லிவிடலாம். அவர்கள் வாதம் நீங்கள் அறிந்ததே. 1865இல் கண்டி மாநகரசபை தோன்றிற்று; அவ்வாண்டே கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை வண்டி ஓடிற்று; 1867இல் பாதை கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து கண்டியை அடைந்தது. யாழ்ப்பாணப் பாதையோ 1905இல்தான் முற்றுப்பெற்றது; அதற்குள் கோப்பி அழிந்து ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. ஆகவே வன்னி அந்தச் சரித்திரத்துக்கு வெளியே நிற்கிறதாம்.

தேதிகளில் எனக்கு விவாதமில்லை. சரக்கு இறங்கிய வழியைச் சரித்திரமென்று போற்றி, அச்சரக்கைப் பறித்த கை ஏறிவந்த வழியை விட்டுவிடுவதுதான் எனக்குச் சம்மதமில்லை.

கோப்பி தேயிலையைப் போல ஆண்டு முழுவதும் ஆள் கேட்கும் பயிரன்று. பழம் பறிக்கும் பருவத்துக்கே பெருந்தொகையானவர் வேண்டும், பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்புவர். கங்காணியிடம் முற்பணம் வாங்கிய கடனோடு, மதுரை, திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், முருங்கன், செட்டிகுளம் காடுகளினூடே மதவாச்சிக்கும், அங்கிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கும் ஏறத்தாழ 150 மைல் நடந்தார்கள். பறிப்புத் தொடங்குமுன் மலைக்குச் சேரவேண்டுமாதலால், நம் குளங்கள் வற்றிச் சேறாய்க் கிடக்கும் மாதங்களிலேயே அந்நடை நேர்ந்தது. தலையில் சட்டியும் அரிசி மூட்டையும், இடுப்பில் குழந்தையுமாகப் பெண்கள் பின்தொடர, முன்னால் சென்ற கூட்டம் கலக்கிவிட்டுப்போன தண்ணீரையே பின்வந்த கூட்டமும் குடித்தது. வாந்திபேதி கண்டவன் நடக்கமாட்டாமற் போனால், கூட்டம் அவனுக்காகத் தரிப்பதில்லை. பாலைமரத்தடியில் அவனைக் கிடத்திவிட்டு நடந்தது. பிழைத்தவர்கள் திரும்பும்போதோ மாரிமழையும் காய்ச்சலும் காத்திருந்தன. கண்டிப் பாதையில் ஏறும் வண்டி அரிசியும் இறங்கும் வண்டி கோப்பியும் சுமந்த காலத்திலேயே இந்நடையும் நடந்தது. 1899இல் அரசாங்கம் இந்த வடவழியை மூடும்வரை கால்கள் ஓயவில்லை. மன்னாருக்கும் மதவாச்சிக்கும் இடையில் யார் நடந்தார்கள் என்று கேளாதவர் கடுகண்ணாவைக் குகைகளை எண்ணுவதால் யாருக்குப் பயன்?

கோப்பி வீழ்ந்த கதையை விரிக்க நேரமில்லை. 1869இல் மடுல்சீமையில் இலைநோய் தோன்றிற்று. 1884இல், கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. 1885இல் நானுஓயாவை எட்டிய பாதை தேயிலைக்கே உதவிற்று. மாத்தளைக் கிளை 1880இல் திறந்தபின் நடைதூரம் எவ்வளவு மாறிற்று என்பது தனியே ஆராயத்தக்கது.

இளையோர் செய்யவேண்டியவை: ஆங்கில அதிகாரி லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேட்டை மன்னார், வவுனியாக் கச்சேரிக் குறிப்புகளோடு ஒப்பிடுதல்; வழிநெடுகப் புதைகுழிகள் எவையேனும் நினைவில் உள்ளனவா என்று செட்டிகுளத்து முதியோரைக் கேட்டல்; 1958, 1977 கலவரங்களுக்குப்பின் மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களில், பாட்டன் எவ்வழி மலையேறினான் என்ற கதை வழங்குகிறதா என விசாரித்தல். 1914இல் திறந்த தலைமன்னார்ப் பாதையைப் பற்றி முன்வரிசை நண்பர்களே எழுதலாம்; அவர்களுக்குப் புகையிரதம் பிடிக்கும்.