வாடகை குறைந்தால் போதுமா?



இன்றைய பேச்சு வாடகையைப் பற்றியது. வாடகைக்காக ஊர் மாறுவதைப் பற்றியது.

மும்பையில் வாடகை அதிகம். இது எல்லோருக்கும் தெரியும். ஏன் அதிகம்? மும்பை ஒரு காலத்தில் ஏழு தீவுகளாக இருந்தது. நடுவில் இருந்த கடலை மண் போட்டுத் தூர்த்து, ஒரே ஊராக்கினார்கள். அகலம் குறைந்த, நீளமான நிலம் அது. மேற்கே கடல். தெற்கே கடல். கிழக்கே கடற்கழி. ஊர் வளர வேண்டும் என்றால் வடக்கே போக வேண்டும். இல்லை, மேலே போக வேண்டும். நிலம் கொஞ்சம். ஆள் ஏராளம். வாடகை ஏறாமல் என்ன செய்யும்?

ஐதராபாத் அப்படி இல்லை. அது தக்காணப் பீடபூமியில் இருக்கிறது. நாலு பக்கமும் நிலம். 1591-இல் கோல்கொண்டா சுல்தான் முகமது குலி குதுப் ஷா உருவாக்கிய ஊர் அது. அன்று சார்மினாரைச் சுற்றி இருந்த ஊர், இன்று எல்லாத் திசையிலும் பரந்துவிட்டது. ஊரைச் சுற்றிப் போட்டிருக்கும் வெளிவட்டச் சாலையின் நீளம் மட்டும் 158 கிலோமீட்டர். இடம் இருக்கிறது. அதனால் வாடகை குறைவு. ஆனால் பரந்த ஊரில் வீட்டுக்கும் வேலைக்கும் தூரம் அதிகம். முதல் செய்தி நம் காதுக்குச் சீக்கிரம் வந்துவிடும். இரண்டாவது செய்தி போன பிறகுதான் தெரியும்.

தாராவியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கணவர் தோல் பை தைக்கிறார். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. மனைவி இட்லி விற்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு. மகன் மூன்றாம் வகுப்பு. கணவரின் தாயாரும் உடன் இருக்கிறார். ஐந்து பேருக்கும் ஒரே அறை. அதுவும் மாடி அறை. செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறித்தான் போக வேண்டும். குழாய் கீழே. கழிப்பறை தெருமுனையில்.

ஐதராபாத்தில் இருக்கும் தெரிந்தவர் ஒருவர் கணவரைத் தொலைபேசியில் அழைத்தார். "இங்கே வந்துவிடுங்கள். 5,000 ரூபாய்க்கு இரண்டு அறை. உள்ளேயே குழாய், கழிப்பறை. பைப் பட்டறையில் வேலையும் இருக்கிறது" என்றார்.

தாராவி அறைக்கு வாடகை 8,000 ரூபாய். மாதம் 3,000 மிச்சம். கணவருக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. மனைவியை எழுப்பினார்.

"எப்படியும் இந்த இடத்தை ஒருநாள் இடிக்கத்தான் போறாங்க. நாம முந்திக்கிட்டுப் போயிருவோம்" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் இருக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவியிலேயே வீடு என்பது அதன் விதி. இவர்கள் மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள். பின்னால் வந்தவர்கள்.

மனைவி சொன்னார்: "இடிக்கிற அன்னைக்குப் போவோம். அதுக்கு முன்னாடியே ஏங்க போகணும்? முதல்ல கணக்குப் போடுங்க."

மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்தார்கள். பின்பக்கத்தில் எழுதினார்கள். இந்த எண்கள் ஓர் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் வீட்டு எண்கள் வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறையை மட்டும் பாருங்கள்.

கணவரின் வருமானம் மாதம் 18,000 ரூபாய். ஐதராபாத்திலும் அதே கூலி கிடைக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். வாடகையில் மிச்சம் 3,000. தாராவியில் அவர் பட்டறைக்கு நடந்தே போகிறார். பத்து நிமிடம். அங்கே பேருந்தில் போக வேண்டும். அதற்கு மாதம் 1,500 ரூபாய் ஆகும். ஆக, உண்மையான மிச்சம் 1,500 ரூபாய்தான்.

அடுத்து, ஊர் மாறும் செலவு. சாமான் ஏற்ற வண்டிக்கு 9,000. ரயிலுக்கு 2,000. பிள்ளைகளின் சீருடை, புத்தகத்துக்கு 3,000. புது இடத்தில் முதல் பதினைந்து நாள் கூலி வராது. அது 9,000. கூட்டினால் 23,000 ரூபாய். வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் முன்பணத்தை இதில் சேர்க்கவில்லை. அது திரும்பி வரும் பணம். ஆனாலும் அதைப் போகும்போதே கையில் வைத்திருக்க வேண்டும்.

23,000 ரூபாயை மாதம் 1,500 வீதம் திரும்ப எடுக்க எத்தனை மாதம் ஆகும்? மகள் வகுத்துச் சொன்னாள். பதினைந்து மாதத்துக்கு மேல்.

"இன்னும் ஒரு கணக்கு இருக்கு" என்றார் மனைவி. "என் இட்லி."

தாராவி இட்லியைப் பற்றி மும்பைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விடியும் முன்பே அடுப்பு மூட்டுவார்கள். இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளிலும் தலையிலும் ஏற்றிக்கொண்டு ஊரெங்கும் போவார்கள். இந்தப் பெண்மணிக்கு அதில் மாதம் 6,000 ரூபாய் நிற்கிறது. எப்படி நிற்கிறது? அரிசிக் கடைக்காரர் ஒரு வாரம் கடன் தருகிறார். பக்கத்து வீட்டு அம்மா மகனைப் பார்த்துக்கொள்கிறார். எந்த அலுவலக வாசலில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்று இவருக்கு மனப்பாடம். பத்து வருடப் பழக்கம் அது. அதை மூட்டை கட்டி ரயிலில் ஏற்ற முடியாது.

ஊர் மாறுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்களின் கூலியைத்தான் கணக்கில் எழுதுகிறார்கள். பெண்களின் வருமானத்தை "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். பல குடும்பங்களின் அடுப்பு எரிவது அந்தப் பணத்தில்தான். இட்லி வியாபாரம் நின்றால், 1,500 ரூபாய் மிச்சம் என்பது போய், மாதம் 4,500 ரூபாய் துண்டு விழும்.

கணவர் நோட்டை மூடி வைத்தார். பேச்சு அதோடு முடிந்திருக்கும். ஆனால் மூலையில் படுத்திருந்த தாயார் எழுந்து உட்கார்ந்தார்.

"எய்யா, நான் கீழே இறங்கி ஆறு மாசம் ஆச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவருக்கு மூட்டு வலி. ஏணியில் இறங்க முடியாது. கழிப்பறைக்கும் போக முடியாது. எல்லாம் அறைக்குள்ளேயே, ஒரு திரைக்குப் பின்னால். மருமகள்தான் எடுத்து ஊற்றுகிறார். இந்த வேதனையை நோட்டில் எந்த வரியில் எழுதுவது? கூட்டுவதா, கழிப்பதா?

ஆகவே, பேச்சு மறுபடியும் தொடங்கியது. மூன்று இரவு பேசினார்கள். கடைசியில் மனைவி ஒரு யோசனை சொன்னார். "நீங்க மட்டும் போய்ப் பார்த்துட்டு வாங்க. தீபாவளிக்குப் பட்டறை ஒரு வாரம் மூடியிருக்குமே."

மும்பையிலிருந்து ஐதராபாத் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். ஓர் இரவு ரயில் பயணம். கணவர் கிளம்பினார். மனைவி அவரிடம் நோட்டைக் கொடுத்தார். அதில் கேள்விகளை எழுதியிருந்தார். வீடு தரைத்தளமா? தண்ணீர் தினமும் வருமா? பட்டறையில் பன்னிரண்டு மாதமும் வேலை உண்டா? ஐந்தாவது கேள்வியைப் படித்துக் கணவர் சிரித்துவிட்டார். "காலையில் அஞ்சு மணியிலிருந்து ஏழு மணி வரை தெருவில் நில்லுங்க. எத்தனை பேர் இட்லி விற்கிறாங்கன்னு எண்ணுங்க."

அவர் நின்று எண்ணினார். பதினொரு தள்ளுவண்டிகள். அங்கேயும் இட்லி, தோசையெல்லாம் காலை உணவுதான். புதிதாக வருபவருக்காக யாரும் காத்திருக்கவில்லை.

நல்ல செய்திகளும் இருந்தன. வீடு தரைத்தளம். உள்ளேயே குழாய். மொழியும் பெரிய தடை இல்லை. தெலுங்கு தெரியாதவர்கூட ஐதராபாத் தெருவில் இந்தி பேசிச் சமாளிக்கலாம். மும்பை இந்தி அங்கே செல்லுபடியாகிறது. சென்னைக்கும் அங்கிருந்து ஓர் இரவு ரயில்தான்.

பட்டறையைப் பற்றித்தான் வேறு விதமாகத் தெரிந்தது. அங்கே தைப்பது பள்ளிக்கூடப் பை. ஜூனில் பள்ளி திறக்கும் முன் இரண்டு மாதம் இரவும் பகலும் வேலை. மற்ற மாதங்களில் பாதி வேலை. தொலைபேசியில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. வேலை இருக்கிறது என்றுதான் சொன்னார். எத்தனை மாதம் என்று யாரும் கேட்கவில்லை.

அரசாங்க விஷயங்களையும் அவர் விசாரித்தார். இவற்றை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

ரேஷன் கார்டைப் பற்றிப் பயம் வேண்டாம். ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டம் 2019-இல் தொடங்கியது. 2022-இல் எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்த கார்டு என்றால், எந்த ஊர் ரேஷன் கடையிலும் விரல் வைத்துத் தானியம் வாங்கலாம். கார்டு ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். குடும்பத்தில் பாதிப் பேர் ஒரு ஊரில், பாதிப் பேர் வேறு ஊரில் இருந்தாலும் அங்கங்கே பங்கை வாங்கலாம். ஆனால் ஒரு மாநிலம் தன் பங்காகத் தரும் கூடுதல் பொருள், கார்டோடு சேர்ந்து வராது.

தெலங்கானாவில் 2023 டிசம்பர் 9 முதல் அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சாதாரணப் பேருந்திலும் எக்ஸ்பிரஸிலும் போகலாம். ஆனால் இது அந்த மாநிலத்தில் வசிக்கும் பெண்களுக்கு. அந்த ஊர் முகவரி உள்ள அட்டையைக் காட்ட வேண்டும். அட்டையில் முகவரி மாற்ற, வாடகை ஒப்பந்தம் போன்ற சான்று தேவை. எனவே வாய்ப்பேச்சில் வீடு எடுக்கக் கூடாது. எழுதி வாங்க வேண்டும். பல இடங்களில் 11 மாதம் என்று எழுதுவார்கள்.   வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்ற இப்போது படிவம் 8 கொடுக்க வேண்டும்.

மகனின் பள்ளி சிக்கல் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும் வரை, 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு அது பாதுகாப்பு. பழைய பள்ளி உடனே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். சான்றிதழ் வரத் தாமதமானாலும், புதுப் பள்ளி அதைச் சொல்லிச் சேர்க்கையை மறுக்க முடியாது.

மகளின் நிலை வேறு. அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. அவளுக்கு மராத்தி நன்றாக எழுத வரும். தெலுங்கில் ஓர் எழுத்தும் தெரியாது. தெலங்கானாவில் 2018-இல் போட்ட சட்டப்படி, பத்தாம் வகுப்பு வரை பள்ளியில் தெலுங்கு கட்டாயப் பாடம். வெளி மாநிலத்திலிருந்து நடுவில் வரும் பிள்ளைக்கு விலக்கு உண்டா என்று அந்தப் பள்ளியிலேயே கேட்க வேண்டும். கேட்டுப் பார்க்கலாம் என்றார் கணவர். மகள் ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் அதைக் கவனித்தார்.

அன்று இரவு அவர்தான் கேட்டார். "ஏங்க, அத்தைக்கு வேண்டியது ஐதராபாத்தா, கீழ் வீடா?"

கணவருக்கு முதலில் புரியவில்லை.

"அவங்களுக்கு வேண்டியது ஏணி இல்லாத வீடு. அது இந்தத் தெருவிலேயே கிடைச்சா?"

தெருவில் விசாரித்தார்கள். நாலு வீடு தள்ளி ஒரு கீழ் அறை காலியாக இருந்தது. வாசலிலேயே குழாய். கழிப்பறை பத்து எட்டில். வாடகை 11,000 ரூபாய். இப்போது கொடுப்பதைவிட 3,000 அதிகம். வாடகை குறைய வேண்டும் என்று தொடங்கிய பேச்சு, வாடகை கூடுவதில் வந்து நின்றது.

மறுபடியும் நோட்டு வந்தது. ஐதராபாத் போனால், இட்லி வியாபாரம் பிடிபடும் வரை மாதம் 4,500 துண்டு விழும். பட்டறையில் வேலை குறையும் மாதங்களில் இன்னும் அதிகம். கீழ் அறைக்குப் போனால் 3,000 கூடுதல் செலவு. சாமான் மாற்ற வண்டி வேண்டாம். நாலு பேர் தூக்கினால் போதும். கீழ் அறை என்றால் வாசலில் வைத்தே இருபது தட்டு இட்லி கூடுதலாக விற்கலாம் என்று மனைவி சொன்னார். அதை அவர் நோட்டில் எழுதவில்லை. விற்ற பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றார்.

மாதம் பிறந்ததும் கீழ் அறைக்கு மாறினார்கள். தாயாரை மகனும் பக்கத்து வீட்டுப் பையனும் நாற்காலியில் உட்கார வைத்து, ஏணி வழியாக மெதுவாக இறக்கினார்கள். பாதி வழியில் அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். கீழே வந்ததும், "தெருவில் இந்த வேப்பங்கன்று எப்ப வச்சது?" என்று கேட்டார்.

கணவர் ஐதராபாத்துக்குத் தொலைபேசி செய்தார். மகளின் பத்தாம் வகுப்புத் தேர்வு முடியட்டும், அதுவரை வருவதற்கில்லை என்றார். வேறு பட்டறையில் பன்னிரண்டு மாதமும் வேலை உண்டா என்று விசாரித்து வைக்கும்படி கேட்டுக்கொண்டார்.