ஊறுகாய்ப் போத்தலையும் காட்டுங்கள்



உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உணவியல் நிபுணருடன் வீட்டிலிருந்தே காணொளி வழி பேசலாம். உங்கள் பலதுறை மருந்தகத்தில் இந்த வசதி உண்டா என்று கேளுங்கள்.

மருந்தகத்தில் உட்கார்ந்து, "நான் உப்புக் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன்" என்று சொல்லிவிடுவோம். வீட்டில் பேசும்போது சமையலறையையே காட்டலாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி, அதற்குமேல் வேண்டாம். ஊறுகாய், கருவாடு, அப்பளம், சோயா சாஸ், உடனடி மீ ஆகியவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

பேசுவதற்கு முன் மூன்று நாள் சாப்பிட்டதை எழுதி வையுங்கள். கடையில் சாப்பிட்ட பிராட்டா, மீ கோரெங் எதையும் விட வேண்டாம். வீட்டில் பார்த்த இரத்த அழுத்த அளவுகள், மாத்திரைகள், சமையலுக்குப் பயன்படுத்தும் போத்தல்கள், பொட்டலங்கள் எல்லாம் மேசைமேல் இருக்கட்டும்.

சோடியம் குறைந்த உப்பு வாங்குமுன் கேளுங்கள். அதில் பொட்டாசியம் இருக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில இரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுவோருக்கும் அது ஆபத்தாகலாம்.

அழுத்தம் குறைந்துவிட்டதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் கேளுங்கள்.

கைத்தொலைபேசி பழக்கமில்லை என்றால் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். உள்ளதை உள்ளபடி சொன்னால்தான் உங்களுக்கு ஏற்ற ஆலோசனை கிடைக்கும்.