கையெழுத்துப் போடுவதற்கு முன்



மீனாட்சி மில்லை அறியாத மதுரைக்காரர் குறைவு. கருமுத்து தியாகராஜன் செட்டியார் தொடங்கிய அந்த மில்லின் பெயரை இந்தியா முழுக்கத் தொழிலாளர் வழக்கு நடத்தும் வழக்கறிஞர்களும் அறிவார்கள். பெரிய ஆலையில் ஆட்குறைப்பு செய்வதானால் முதலில் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற சட்டப்பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லியிருந்தது. மீனாட்சி மில் தொழிலாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1992-ல் அந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அனுமதி வாங்க வேண்டிய ஆள் எண்ணிக்கையை நூறிலிருந்து முந்நூறாக உயர்த்திவிட்டது. அதிலும் இந்த அனுமதி ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்குத்தான். கப்பலூரில் சின்னப் பட்டறையில் இருப்பவருக்கும், இலந்தைக்குளத்திலோ வடபழஞ்சியிலோ கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் அந்தக் கவசம் கிடையாது. ஆனால் அனுமதி தேவையில்லை என்பதால் இழப்பீடும் தேவையில்லை என்று ஆகிவிடாது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

வேலையைவிட்டு அனுப்புவதை நிறுவனங்கள் பெரும்பாலும் எப்படிச் செய்கின்றன? ஒரு சின்ன அறைக்குக் கூப்பிடுவார்கள். எச்.ஆர். அதிகாரி தணிந்த குரலில் பேசுவார். "நீங்களே ராஜினாமா பண்ணிட்டா உங்க பேருக்கு நல்லது, அடுத்த வேலைக்கும் சிக்கல் இருக்காது, ரெண்டு மாசச் சம்பளம் கூடுதலா தர்றோம். இன்னைக்கே கையெழுத்து போட்டுடுங்க" என்பார். அந்த நேரத்தில் யாருக்குமே மனசு நிலையில் இருக்காது. வீட்டுக் கடன் தவணை கண்முன்னால் நிற்கும். கை தானாகப் பேனாவை எடுக்கும்.

எடுக்காதீர்கள். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். காகிதத்தின் நகலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். வந்து, ஒரு கணக்குப் போடுங்கள்.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 26,000 ரூபாய், 8 வருட வேலை என்று வைத்துக்கொள்வோம். ஆட்குறைப்பு இழப்பீடு வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். ஒரு வருடத்துக்கு 13,000, எட்டு வருடத்துக்கு 1,04,000. ஒரு மாத முன்னறிவிப்பு தராவிட்டால் அதற்கு ஈடாக 26,000. புதிய சட்டத்தில் மறுதிறன் நிதி என்று ஒன்று வந்திருக்கிறது. அதற்கு நிறுவனம் பதினைந்து நாள் சம்பளம், அதாவது 13,000 செலுத்த வேண்டும். 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும். மூன்றையும் கூட்டினால் 1,43,000 ரூபாய். ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தால் இந்த மூன்றும் போய்விடும். பதிலுக்கு அவர்கள் பெருந்தன்மையாக நீட்டும் இரண்டு மாதச் சம்பளம் 52,000.

கிராஜுவிட்டி வேறு. ராஜினாமா செய்தாலும் அது உண்டு. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். நம் கணக்கில் 1,20,000. இதை யாரும் "சலுகை" என்று சொல்லித் தந்தால் நம்பாதீர்கள். அது ஏற்கெனவே உங்கள் பணம். ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. நாலு வருடம் முடித்து, ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கும் உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. நாலே முக்கால் வருடத்தில் வெளியே அனுப்பப்படும் பிள்ளைகள் இதை மறக்க வேண்டாம்.

"நான் ஐ.டி.யில் இருக்கிறேன், நல்ல சம்பளம், நான் தொழிலாளியா?" என்று ஒரு தயக்கம் பலரிடம் இருக்கிறது. சட்டம் முதலில் பார்ப்பது நீங்கள் செய்யும் வேலையை. நிர்வாகம் செய்கிறவர்களும், மாதம் 18,000-க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் தொழிலாளி என்ற வரையறையில் வரமாட்டார்கள். 'மேனேஜர்' என்று அட்டையில் போட்டுவிட்டு, உண்மையில் நாள் முழுக்கக் கணினியில் தொழில்நுட்ப வேலையே பார்க்கிறவர் தன் உரிமையைக் கேட்க நியாயம் இருக்கிறது. அவர் ஒரு வழக்கறிஞரைப் பார்க்காமல் ஒதுங்கிவிடக் கூடாது.

கடைசிச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள் வர வேண்டும். பி.எஃப். பணத்தை அவசரப்பட்டுத் துடைத்து எடுக்க வேண்டாம். பத்து வருடச் சேவை இருந்தால்தான் பின்னால் மாத ஓய்வூதியம் வரும், அதிலுள்ள ஓய்வூதியப் பகுதியை எடுத்துவிட்டால் பழைய வருடங்கள் கணக்கில் சேராது. இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தவர்கள், வேலை இழந்தோருக்கான உதவித்தொகை தங்களுக்குப் பொருந்துமா என்று கிளை அலுவலகத்தில் கேட்க வேண்டும். நிறுவனம் எடுத்துத் தந்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடும். வீட்டில் வயதான அப்பா அம்மா இருந்தால், அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று அந்த வாரமே விசாரியுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நெருக்கிப் பெற்ற ராஜினாமா ராஜினாமாவே அல்ல என்று வாதாட இடம் உண்டு. அதற்கு ஆதாரம் வேண்டும். அன்றைக்கு வந்த மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்தி, எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நிறுவனத்தின் கணினியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் சம்பளச் சீட்டுகளை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். "விருப்பப்பட்டு விலகவில்லை, வற்புறுத்தலால் எழுதினேன்" என்று உடனே எழுத்தில் தெரிவியுங்கள். பணிநீக்கத் தகராறை இரண்டு வருடத்துக்குள் எழுப்ப வேண்டும் என்பது இப்போதைய வரம்பு. முதல் படி தொழிலாளர் துறையின் சமரச அலுவலர்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று கலங்குகிறவர்களுக்கு ஒன்று. 1987-ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இலவச சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர்களின் பட்டியலில் தொழிலாளர்களையும் சேர்த்திருக்கிறது. பெண்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். வருமானம் எவ்வளவு என்பது இவர்களுக்குத் தடையில்லை. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு விவரம், கையெழுத்துப் போடச் சொன்ன அந்தக் காகிதம் ஆகியவற்றோடு போங்கள். வழக்கறிஞரை அவர்களே ஏற்பாடு செய்வார்கள்.