எண்ணைக் கற்க எழுத்தும் வேண்டும்



கணிதம் கற்பதற்கு என்ன வேண்டும் என்று கேட்டால், "அதற்கென்று தனி மூளை வேண்டும்" என்பதே நம்மிற் பலர் தரும் விடை. இதை வீட்டிலே கேட்டுக் கேட்டு வளரும் பிள்ளை, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு அமருமுன்னரே தோற்றுவிடுகிறது.

தமிழாசிரியனுக்குக் கணிதத்தில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். வள்ளுவர் எண்ணையும் எழுத்தையும் சேர்த்தே கண்கள் என்றார். ஒரு கண் மங்கும்போது மற்றக் கண்ணையும் சோதித்துப் பார்ப்பது நல்லதல்லவா?

100ஐ 20ஆல் குறையுங்கள், 80 வரும். 100ஐ 20ஆகக் குறையுங்கள், 20தான் மிஞ்சும். எண்கள் மாறவில்லை, 'ஆல்' என்பது 'ஆக' என்றாயிற்று, அவ்வளவுதான். 8ஐ 4ஆல் வகுத்தால் 2. 8ஆல் 4ஐ வகுத்தால் அரை. வேற்றுமை உருபைக் கவனியாமல் ஓடும் கண், கணக்கிலும் இடறிவிழும்.

எங்கள் அக்குறணை வியாபாரத்திற் பேர்பெற்ற ஊர். இங்குள்ள பிள்ளையொன்றிடம் கேளுங்கள்: 100 ரூபாச் சாமானின் விலையை 20 வீதம் கூட்டி, பின்னர் 20 வீதம் குறைத்தால் என்ன விலை? பழைய 100 ரூபாதான் என்று சட்டெனப் பதில் வரக்கூடும். கடையில் நின்று பழகிய பிள்ளையோ, "எதில் 20 வீதம்?" என்று கேட்கும். கூட்டியது 100இல், குறைத்தது 120இல். ஆகவே விலை 96 ரூபா. 'எதில்' என்ற அந்தச் சிறு சொல்லுக்குள்ளேயே முழுக் கணக்கும் அடங்கிக் கிடக்கிறது.

வாசித்து விளங்கினால் மட்டும் போதாது, கையும் உழைக்கவேண்டும். கும்பகோணத்திலே வளர்ந்த சீனிவாச இராமானுஜனுக்கு 1903ஆம் ஆண்டளவில், கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று கிடைத்தது. ஆயிரக்கணக்கான முடிவுகள்; நிறுவல்களோ மிகச் சுருக்கம். அந்த நூலின் குறையே அவருக்கு வாய்ப்பாயிற்று. முடிவுகளைத் தாமே செய்து பார்த்தார். கடதாசிக்கு வசதி போதாமையாற் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதினார். 1914இல் கேம்பிரிட்ஜுக்கு அவரை வரவழைத்த ஹார்டி, அவருடைய முடிவுகளைக் கண்டு வியந்ததோடு நிற்கவில்லை. அவற்றுக்கு நிறுவலும் வேண்டும் என்றார். 1918இல் றோயல் சங்கத்தின் உறுப்பினராக உயர்ந்த அந்த மேதைக்கும், "எப்படி?" என்று கேட்க ஒருவர் வேண்டியிருந்தது.

இராமானுஜனின் மூளை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆனால், எழுதி அழித்து மீண்டும் எழுதும் அந்தப் பொறுமை எந்தப் பிள்ளைக்கும் பழகக்கூடியது.

பெற்றோரே, கணக்குக் கொப்பியோடு வரும் பிள்ளையிடம் "எத்தனை புள்ளி?" என்று மட்டும் கேளாதீர்கள். "இதை எப்படிச் செய்தாய் மகன்? எனக்கும் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. காது கொடுத்தாற் போதும். தன் வாயால் விளக்கத் தொடங்கும் பிள்ளை, வழி எங்கே தவறியது என்பதைப் பெரும்பாலும் தானே கண்டுகொள்ளும். அப்படிக் கண்டுகொண்ட பிள்ளை, தனக்குத் தனி மூளை இல்லையே என்று பிறகு வருந்தாது.