ஸ்டெப்னியில் எவ்வளவு தூரம் போகலாம்?



சாரல் தொடங்கிவிட்டால் இலஞ்சிக்காரர்களுக்கு ஒரு வேலை கூடிவிடும்: வழி சொல்லும் வேலை. ஐந்தருவிக்கு எப்படி, பழைய குற்றாலத்துக்கு எப்படி, பிரானூர் பார்டரில் புரோட்டா எங்கே என்று கண்ணாடியை இறக்கிக் கேட்பார்கள். போன சீசனில் ஒருவர் குமாரர் கோயில் பக்கம் காரை நிறுத்தி, "அண்ணாச்சி, தென்மலைக்கு இந்த ரோடுதானே?" என்றார். மதுரைப் பக்கத்துக் குடும்பம். குளித்த தலை இன்னும் காயவில்லை. "செங்கோட்டை போங்க, அங்கிருந்து புளியரை, ஆரியங்காவு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன், காரின் இடது முன்சக்கரத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன்.

மற்ற மூன்றும் பளபளக்கும் அலாய் சக்கரங்கள். இது மட்டும் கறுப்பு இரும்பு வட்டில் ஒல்லியான டயர். வட்டின் மேல் ஒரு ஸ்டிக்கர், அதில் 80 என்ற எண். வண்டி அந்த மூலையில் கொஞ்சம் தாழ்ந்து நின்றது.

"ஐந்தருவியில பஞ்சர். அதான் ஸ்டெப்னி மாட்டிட்டோம்ல" என்றார் அவர், நிம்மதியாக.

அந்த நிம்மதிதான் எனக்குப் பயமாக இருந்தது. அம்பாசிடர் காலத்தில் ஸ்டெப்னி என்றால் ஐந்தாவது டயர். மற்ற நான்கோடு அளவிலும் அகலத்திலும் ஒன்றாக இருக்கும். மாட்டிக்கொண்டு கன்னியாகுமரி வரை போனாலும் ஒன்றும் ஆகாது. இன்றைக்குப் பல கார்களில் டிக்கிக்கு அடியில் இருப்பது தற்காலிக டயர். எடையும் இடமும் விலையும் மிச்சமாகட்டும் என்று சிறிதாகச் செய்தது. சாமான் மாறிவிட்டது, நாம் கூப்பிடும் பெயர் மாறவில்லை.

அந்தப் பெயருக்கே ஒரு கதை உண்டு. ஆரம்ப காலக் கார்களுக்கு மாற்றுச் சக்கரமே கிடையாது. 1904 வாக்கில் வேல்ஸ் நாட்டின் லானெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில், டேவிஸ் சகோதரர்கள் ஆரக்கால் இல்லாத ஒரு வட்டில் காற்றடைத்த டயரை மாட்டி விற்றார்கள். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம், அதன் பக்கத்தில் இதைக் கவ்வ வைத்து, வீடு போய்ச் சேரலாம். தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஆகி, நம் ஊர்ப் பஞ்சர் கடை வரைக்கும் வந்துவிட்டது. ஆக, முதல் ஸ்டெப்னியும் தற்காலிக ஏற்பாடுதான்.

சரி, அந்தக் காருக்கு வருவோம். பக்கத்துப் பஞ்சர் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "காத்து இருவது கூட இல்ல. இதுல அறுவது வைக்கணும்னு டயர்லேயே போட்டிருக்கு, பாருங்க. இத மாட்டிக்கிட்டா மலை ஏறப் போறிய?"

அறுபது என்றதும் அந்த மனிதர் திகைத்துப்போனார். மற்ற டயர்களுக்கு 33 பி.எஸ்.ஐ. அளவில் வைத்தே பழகியவர். ஒல்லியான தற்காலிக டயர்களில் பெரும்பாலானவற்றுக்கு 60 பி.எஸ்.ஐ. வேண்டும். குறுகிய டயர் அந்தக் காற்றழுத்தத்தில்தான் வண்டியின் பாரத்தைத் தாங்கும். சில கார்களில் வருவது ஒரு சைஸ் மட்டும் சிறிதான சாதாரண டயர், அதற்கு அளவு வேறு. உங்கள் டயரின் பக்கவாட்டிலும் டிரைவர் கதவோரம் ஒட்டிய தாளிலும் பாருங்கள். டயரின் ஓரத்தில் நான்கு எண்கள் தனியாகப் பதிந்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஓடாமலே இருந்தாலும் ரப்பர் கிழடாகும்.

80 என்பது மணிக்கு 80 கிலோமீட்டர், அதுவும் காய்ந்த நேரான சாலையில் உச்ச வரம்பு. சாரல் விழுகிற மலைப்பாதையில் அதில் பாதியே எனக்கு அதிகமாகப் படுகிறது. தற்காலிக டயரில் பள்ளக்கோடுகளின் ஆழம் குறைவு, தரையைத் தொடும் பரப்பும் குறைவு. பிரேக் போட்டால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும், வளைவில் பிடிமானம் சீக்கிரம் விட்டுப்போகும். புளியரை தாண்டி எதிரே பார லாரிகள் இறங்கி வரும் வளைவுகளில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாமே.

இன்னொன்று. முன்சக்கரங்கள் இழுக்கும் காரில் முன் டயர் பஞ்சரானால், பின்னாலிருந்து ஒரு நல்ல டயரை முன்னுக்குக் கொண்டுவந்து, ஸ்டெப்னியைப் பின்னால் போடுவது நல்லது. இழுவை, திருப்பம், பிரேக்கின் பெரும்பங்கு எல்லாம் முன்னால்தான். இரு பக்கமும் வேறு வேறு சுற்றளவில் சக்கரம் சுழன்றால் டிஃபரன்ஷியலுக்கும் ஓயாத வேலை. இரண்டு தடவை ஜாக்கி போட வேண்டும் என்று சலித்துக்கொள்வீர்கள். சலித்துக்கொண்டே செய்யுங்கள்.

ஜாக்கி என்றதும் சொல்ல வேண்டியது: இந்தப் பக்கம் ரோட்டோரம் வயலும் வாய்க்காலும். மழையில் ஊறிய மண்ணில் ஜாக்கி புதையும், வண்டி சரியும். கெட்டியான தரை வரை மெதுவாக உருட்டி வாருங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுங்கள். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைத் தளர்த்துங்கள். முறுக்கும்போது எதிரெதிராக முறுக்குங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓட நேர்ந்தால் இறங்கி மறுபடியும் முறுக்கிப் பாருங்கள்.

புதுக் கார் வாங்குகிறவர்கள் டிக்கியைத் திறந்து பார்த்தே வாங்குங்கள். ட்யூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் சாதனமும் இருந்தால் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் மத்திய அரசு விதியைத் திருத்திவிட்டது. ஆணி குத்தினால் அந்தச் சாதனம் உதவும். கல் கிழித்துப் பக்கவாட்டில் பிளந்த டயருக்கு அது உதவாது.

அந்தக் குடும்பத்தின் பஞ்சரான டயர், ஸ்டெப்னி இருந்த குழியில் அடங்காமல், ஈரத் துண்டுகளுக்கும் அல்வாப் பொட்டலத்துக்கும் நடுவே சேறோடு கிடந்தது. கடைக்காரர் அதை உருட்டி வந்து ஒட்ட அரைமணி நேரம் ஆகவில்லை. ஸ்டெப்னிக்கும் அறுபது வைத்துக் கொடுத்தார். அதன்பிறகுதான் நான் விட்ட இடத்திலிருந்து வழியைச் சொல்லி முடித்தேன்.

குற்றாலத்துக்குக் கிளம்பும்போது நான்கு டயருக்குக் காற்றுப் பிடிப்பீர்கள் அல்லவா, டிக்கி விரிப்பைத் தூக்கி அந்த ஐந்தாவதையும் காட்டுங்கள்.